கடைசி வரிசைக்குக் கேட்ட பாட்டு

எழுத்து ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும், வரியும் ஏறி இறங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபத்தெட்டு வயதில் எழுதப் பழகி எட்டு மாதம்தான். எங்கள் முதியோர் எழுத்து வகுப்புப் பலகையில் ஒட்டும் இந்தப் பக்கத்துக்கு நாலு நாள் பிடித்தது. நாலு நாளும் சந்தோசம். ஆனால் எழுத வைத்தது கோபம்.

என் மகள் சாந்தி டவுன்டவுனில் ஒப்பரா நெறியாள்கை செய்கிறாள். ஒப்பரா என்றால் கதை முழுவதும் பாட்டாகவே நடக்கும் நாடகம். பாடகர்களுக்கு அருமையான குரல், ஆனால் நிற்பது லைற் போஸ்ற் மாதிரி. அவர்களுக்கு நடிக்கப் பழக்குவதும் அவள் வேலை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஒத்திகை பார்க்கப் போனேன்.

எங்கள் ரூஜ் பக்கத்தில் காலை 9:10க்கு பஸ், பிறகு நிலத்துக்குக் கீழே ஓடும் சப்வே. ஒன்றரை மணித்தியாலம். மற்றவர்களுக்கு இரண்டு டொலர், எங்களைப் போல வயதானவர்களுக்கு அதிலும் குறைவு. பஸ்ஸிலிருந்து சப்வேக்கு மாற ட்ரான்ஸ்பர் துண்டை மறக்காமல் வாங்குங்கள்.

அன்று புருசன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கும் பாட்டு. மனைவியாக நடிப்பவர் தடிமன், இருமல் என்று வரவில்லை.

"அப்பா, இந்தக் கதிரையிலை இருங்கோ. மனம் இளகினா மட்டும் அவரின்ரை தலையிலை கை வையுங்கோ. பாவம் பாத்து வைக்கக் கூடாது."

"அப்ப நான் ஆரின்ரை பெண்சாதி?"

"அவரின்ரை. பேசாமல் இருங்கோ."

புருசனாகப் பாடும் அந்தப் பெரிய உடம்புக்காரர் இரண்டு தரம் பாடி முழங்கினார். நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

"பிள்ளை, இவர் என்னட்டைக் கேக்கேல்லை. அங்கை கதவடியிலை ஆரிட்டையோ கேக்கிறார்."

சாந்தி அதை இங்கிலீசில் சொன்னாள். அவர் சிரித்தார். பிறகு முழந்தாளிட்டு, என் கண்ணைப் பார்த்து மெல்லப் பாடினார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. கை தானாகப் போனது.

உடனே முன் வரிசையிலிருந்து கம்பனி மனேச்சர் எழும்பினார். அவர் சொன்னதைச் சாந்தி பிறகு சொன்னாள். சபையைப் பார்த்துத்தான் பாட வேண்டுமாம். மெல்லப் பாடினால் கடைசி வரிசைக்குக் கேட்காதாம். கேட்காவிட்டால் அடுத்த வருடம் அவளுக்கு வேலை இல்லையாம். கடைசி வரிசையில் ஒரு நாளாவது இருந்து பார்த்தாரா? இல்லை! பின்னால் நடந்துபோய்ப் பார்க்கக் கால் இல்லையா?

சாந்தி எதையும் மாற்றவில்லை. எனக்குத்தான் நித்திரை இல்லை.

நாடகம் மேடையேறியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக் காட்சிக்குக் கடைசி வரிசையில் ரிக்கற் எடுத்தேன், பதினெட்டு டொலர். பாடகர் முழந்தாளிட்டார், மனைவியை மட்டும் பார்த்தார். எனக்குப் பக்கத்தில் இனிப்புக் கடதாசி உரித்துக்கொண்டிருந்த மனுசி கையை நிறுத்திவிட்டார். பாட்டுக்கு நடுவில் பாடகர் மூச்சு இழுத்ததுகூடக் கேட்டது.

முடிந்ததும் மனேச்சர் வாசலில் நின்று பாடகருக்குக் கை கொடுத்தார், படம் எடுத்தார். சாந்தி பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கு ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வாயில் இங்கிலீசு வரவில்லை.

போகிறவர்கள் கடைசி வரிசையே எடுங்கள். மலிவு, நன்றாகக் கேட்கும். படி அதிகம், குளிருக்குச் சுவெற்றரும் வேண்டும்.

அடுத்த கிழமையும் எழுதுவேன், ஆனால் உங்களுக்கு இல்லை, அந்த மனேச்சருக்கு. கடைசி வரிசைக்குக் கேட்டது என்று தமிழிலேயே எழுதி, கீழே என் முழுப் பெயரையும் வைப்பேன். சாந்தியை மொழிபெயர்க்க விடமாட்டேன். அவரே ஆள் தேடி வாசிக்கட்டும்.