முடிச்சுப் போடாத பறவை

ஊசிக்காவுக்குப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மெஷின், ஒரு முக்காலி, சுவரில் ஒரு கண்ணாடி. இவ்வளவுதான் கடை. ஜிப் மாற்றுவாள், பேண்ட்டின் உயரம் குறைப்பாள், இடுப்பு பெருத்துவிட்டவர்களிடம் "துணி சுருங்கிடுச்சுங்க" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டுத் தையலைப் பிரித்து அகலமாக்கித் தருவாள். இதற்கெல்லாம் அந்தத் தெருவிலேயே வேறு ஆட்கள் உண்டு. அவளைத் தேடி வருகிறவர்கள் பறவைக்காக வருவார்கள்.

வீட்டில் யாராவது தூரதேசம் கிளம்பினால் அவர்களுடைய சட்டை ஊசிக்காவிடம் வந்துவிடும். காலருக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில், சிவப்புப் பட்டு நூலால் விரல்நகம் அளவுக்கு ஒரு பறவை. சங்கிலித் தையல். தைக்கும்போது பேசமாட்டாள், போகிறவரை மட்டும் நினைத்துக்கொள்வாள். கடைசியில் முடிச்சுப் போடாமல் நூலின் நுனியைக் காலர் மடிப்புக்குள் செருகிவிடுவாள். முடிக்காமல் விட்ட வேலை ஆளைத் திரும்பக் கூப்பிடும் என்பது நம்பிக்கை. வந்து சேர்ந்தவர் அதே சட்டையைக் கொண்டுவந்து கொடுப்பார், அப்போதுதான் முடிச்சு.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் போனவர்கள் திரும்பி வந்தார்கள். புருஷனை அனுப்பிவைத்த ஒருத்தி சண்டைக்கே வந்துவிட்டாள். "ஏதோ கொஞ்ச காலம் நிம்மதியா இருக்கலாம்னு பார்த்தா, போன வேகத்துல திரும்பி வந்து நிக்கிறாருக்கா. நூலைக் கொஞ்சம் லூசா விட்டிருக்கக் கூடாதா?"

தெருவே சிரித்தது, ஊசிக்காவும் சிரித்தாள். ஊசிக்காவின் புருஷன் மட்டும் வரவில்லை.

அவன் கப்பல் வேலைக்குப் போனபோது மகள் கைக்குழந்தை. இருக்கிற பிரியத்தையெல்லாம் கொட்டித்தான் அந்தப் பறவையைத் தைத்தாள். அந்த நேரம் பார்த்துத் தொட்டிலில் குழந்தை வீறிட்டது. எழுந்து ஓடுகிற அவசரத்தில், நாளெல்லாம் பட்டன் தைத்துப் பழகிய கை தன்பாட்டுக்கு முடிச்சைப் போட்டுவிட்டது. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுப் பிரிக்கலாம் என்று வந்தால், அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறான். கிளம்புகிறவனைக் கழற்றச் சொல்ல வாய் வரவில்லை.

கொஞ்ச நாள் போன் வந்தது. பிறகு அதுவும் நின்றது. அங்கே வேறு குடும்பம் என்று சிலர் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தப்பு தன் கையில்தான் என்றே இருந்தாள். அவன்மேல் கோபம் வந்திருந்தால் எவ்வளவோ தேவலை. ஏக்கம்தான் வந்தது. படியில் செருப்புச் சத்தம் கேட்டால் இன்னமும் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள்.

இப்போது மகள் கிளம்புகிறாள், வெகு தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. ஊசிக்கா கடையைச் சாத்திவிட்டு, வீட்டுக் கதவையும் தாழிட்டுக்கொண்டு தைத்தாள். இறக்கை முடிந்து, அலகும் முடிந்து, நுனியைச் செருகப் போகும்போது மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"முடிச்சு போட்டுடும்மா."

தைக்கும்போது பேசாதவள் பேசிவிட்டாள். "என்னடி சொல்ற? வரமாட்டியா?"

"வருவேன். அப்பா வராததுக்கு முடிச்சுதான் காரணம்ங்கிற. நாளைக்கு நான் வந்தா நூல்தான் காரணம்னு சொல்லுவ. உன்னைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டு நானா வந்தேன்னு எப்பம்மா நம்புவ?"

ஊசிக்கா சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். முடிச்சுப் போட்ட சட்டையோடும் ஒருத்தி வருவாள் என்று நம்பலாம்தான். பெற்ற பெண், வருவாள். ஆனால் அதை நம்பினால், அவனும் மனசு வைத்திருந்தால் வந்திருக்கலாம் என்பதை நம்பியாக வேண்டும். இத்தனை வருஷமும் அந்தப் பக்கமே போகாமல்தான் அவள் காலத்தை ஓட்டியிருந்தாள்.

மகள் அவசரப்படுத்தவில்லை. அம்மாவின் முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஊசிக்கா நூலைச் சுற்றி ஊசியை இழுத்தாள். முடிச்சு விழுந்தது. நூலைப் பல்லால் கடித்தாள், சட்டையை மகளிடம் கொடுத்தாள்.

"அப்போ வந்திருக்கலாமில்லடி," என்றாள். "அந்த மனுஷன் வந்திருக்கலாமில்ல."