படிகாரத் தண்ணீர்

முதலில் அக்கிதான் வந்தது. முதுகில் தொடங்கி விலாவைச் சுற்றி எரியும் கொப்புளங்கள். காவியைக் குழைத்துப் பூசினோம். காய்ந்து உதிர்ந்தது. நான்காம் மாதம் மறுபடி வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் கொப்புளங்களைக் கொஞ்ச நேரமும் என் முகத்தை நிறைய நேரமும் பார்த்தார். "இரத்தம் எடுத்துப் பார்ப்போம் அம்மா" என்றார்.

அந்த இரத்தம் என்னை வேறொரு விறாந்தைக்கு அனுப்பியது. அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, இலக்கம்தான். மாத்தளையில் கோயிலுக்குப் பூக்கட்டும் வீட்டின் மருமகள், ஓர் இலக்கமாக வாங்கிலிருந்து எழுந்து உள்ளே போனேன். அதே வாங்கில் இன்று உட்கார்ந்திருப்பவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆறுதல் என்னிடம் அதிகம் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

எச்.ஐ.வி. (உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அரிக்கும் கிருமி). கணவருக்கும் பார்த்தார்கள். அவருக்கும் இருந்தது. அவர் தம்புள்ளைச் சந்தையிலிருந்து லொறியில் மரக்கறி ஏற்றி வருபவர். எனக்கு அவரைத் தவிர வேறு ஆண் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க, எப்பன்னு கேக்காத" என்றார்.

கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

"புள்ளைக்கு மட்டும் சொல்லிராத."

புள்ளை என்றது எங்கள் ஒரே மகள் தர்ஷினியை. கலேவெலயில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் புருஷனும் இவருடைய லொறியில்தான் போய்வருகிறான்.

"மாப்பிள்ளையும் உங்ககூடத்தானே வர்றாரு. அவரு எப்படி?"

தரையைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது." அவருடைய பொய்க்குரல் எனக்குப் பழக்கம். இது பொய்யில்லை. அதனால்தான் பயந்தேன்.

இரண்டாம் முறை போனபோது அங்கிருந்த டொக்டரம்மா ஒன்று கேட்டார். அவர் பேசியது சிங்களம். சிங்களத்தில் கேட்டு, தமிழில் நடுங்கினேன்.

"உள்ளே ஏதாவது போட்டுக் கழுவுறதுண்டா?"

"படிகாரத் தண்ணி. இருபத்தஞ்சு வருஷமா."

மாமியார் சொல்லித் தந்தது. சாமிக்குப் பூத் தொடுக்கிற கை. உடம்பு உள்ளும் புறமும் சுத்தமாக இருக்கவேண்டும். மாதவிலக்கு முடிந்த நாளில், அவர் லொறியை விட்டு இறங்கி வந்து என்னோடு இருந்த மறுநாளில், படிகாரத்தைக் கலக்கி உள்ளே கழுவுவேன். எரியும். "எரிஞ்சாதான் சுத்தம்" என்பார் மாமியார்.

டொக்டரம்மா ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். பிறப்புறுப்பின் உட்சவ்வு (உள்ளே மூடியிருக்கும் மெல்லிய ஈரத்தோல்). அதற்குள் எதிர்ப்பு உயிரணுக்கள் (கிருமியைத் தடுக்க நிற்பவை) எப்போதும் உண்டு. அங்கே அழற்சி (சிவந்து புண்ணாவது) ஏற்பட்டால் உடம்பு இன்னும் நிறைய உயிரணுக்களை அனுப்பும். நல்லதற்குத்தான் அனுப்பும். ஆனால் இந்தக் கிருமி தேடி வருவதே அவற்றைத்தான். சில உயிரணுக்கள் அதைத் தூக்கி நிணநீர்க் கணுக்களுக்கு (அவை கூடும் முடிச்சுகள்) கொண்டுபோய்ச் சேர்க்கும். சிலவற்றுக்குள் அது புகுந்து பெருகும்.

கல்யாணமான புதிதில் ஒருமுறை அவரோடு தம்புள்ளைக்குப் போயிருக்கிறேன். லொறி நின்றதும் நாட்டாமிகள் (மூட்டை தூக்குபவர்கள்) நாலு பக்கமிருந்தும் ஓடி வந்தார்கள். மூட்டைக்குள் என்ன என்று யாரும் கேட்கவில்லை. முதுகைக் கொடுத்தார்கள், உள்ளே கொண்டுபோனார்கள். டொக்டரம்மா உயிரணுக்களென்று காகிதத்தில் போட்ட புள்ளிகளில் எனக்கு அந்த முதுகுகள்தான் தெரிந்தன. இருபத்தைந்து வருடம் நானே அவர்களைக் கூவி அழைத்து வாசலில் நிறுத்தியிருக்கிறேன்.

"அப்ப நானா வரவச்சேன்?"

"இல்லை. வந்தது உங்க கணவர்கிட்டயிருந்து. கழுவாம இருந்திருந்தாலும் வந்திருக்கலாம். கழுவினதால வழி லேசாயிருக்கலாம். அதை இனி யாராலயும் சொல்ல முடியாது. இனிமே உள்ளே ஒண்ணும் போடாதீங்க. வெளியே வெறும் தண்ணி போதும்."

யாராலும் சொல்ல முடியாது. இந்த ஒரு வரியோடுதான் இன்றும் குடித்தனம் நடத்துகிறேன்.

காலையில் ஒரு மாத்திரை. முதல் வாரங்களில் தலைச்சுற்றல், அர்த்தமில்லாத கனவுகள். ஆறாம் மாதப் பரிசோதனையில், இரத்தத்தில் கிருமி அகப்படாத அளவுக்குக் குறைந்திருந்தது. அது அப்படியே இருக்கும்வரை, மாத்திரையை விடாதவரை, உடலுறவில் என்னிடமிருந்து யாருக்கும் தொற்றாது என்றார்கள். "சந்தோஷமா இருங்க" என்று நேர்ஸ் முதுகில் தட்டினாள்.

சந்தோஷப்பட முடியவில்லை. கல்யாணத்தன்று தர்ஷினியின் பெட்டியில், புடவைகளுக்கு நடுவே, படிகாரக் கட்டியைச் சுற்றி வைத்தவள் நான். முதல் மாதமே போனில் சொன்னாள்: "எரியுதும்மா." நான் சொன்னேன்: "எரிஞ்சாதான் சுத்தம்."

பஸ் ஏறினேன். வழியெல்லாம் வாக்கியம் கட்டினேன், அவிழ்த்தேன், கட்டினேன். போய்ச் சேர்ந்தபோது தர்ஷினி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"படிகாரம் போட்டுக் கழுவுறியே, அத விட்டுரு."

"ஏன்? நீங்கதானே சொன்னீங்க."

"அது தப்பாம். உள்ளுக்குப் புண்ணாகுமாம். கிருமி லேசா ஒட்டிக்குமாம்."

"யாரு சொன்னா?"

கத்தி நின்றது. என் டொக்டர் என்றால், எந்த டொக்டர், எதற்கு, அப்பாவுக்குமா என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் தன் புருஷனின் முகத்துக்கு முன்னால் போய் நிற்பாள். நிற்கத்தான் வேண்டும். இரண்டு பேரும் இரத்தம் பார்க்கத்தான் வேண்டும். அதற்குத்தான் வந்திருந்தேன்.

"ரேடியோவில சொன்னாங்க" என்றேன்.

சிரித்தாள். "ரேடியோக்காரனுக்கு வேற வேலயில்ல. போன மாசம் முட்டை சாப்பிடாதன்னான், இந்த மாசம் சாப்பிடுங்கறான். ஒங்க மாமியார் இருந்திருந்தா ரேடியோவ ஒடச்சிருப்பாங்க."

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கிளம்பும் முன் குளியலறைக்குப் போனேன். சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் இருந்தது படிகாரம், தேய்ந்து, கண்ணாடிபோல. கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் அதன் ஈரம் பையை நனைத்து மடியில் இறங்கியது.

மறுநாள் போன் வந்தது.

"அம்மா, படிகாரத்த நீங்களா எடுத்துட்டுப் போனீங்க?"

"ஆமா."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. பரவால்ல, கடையில புதுசு வாங்கிட்டேன். இது நல்லாவே எரியுது."

வாங்கில் இருப்பவளே, மாத்திரை வேலை செய்யும். நீ பிழைப்பாய். ஆனால் சொல்லவேண்டியவர்களிடம் சொல்லிவிடு. என்னைப்போல ரேடியோவைச் சொல்லாதே.

எனக்கு இப்போது எங்கும் எரிவதில்லை. இருபத்தைந்து வருடத்தில் முதன்முறையாக அந்த இடம் சும்மா இருக்கிறது, யாரும் கூவாத சந்தைபோல. என் விலக்கும் நின்றுவிட்டது. முன்பு மாதத்தை அதைக்கொண்டு எண்ணினேன், பிறகு கிளினிக் திகதியைக்கொண்டு. இப்போது மகளின் உடம்பைக்கொண்டு எண்ணுகிறேன். இன்று அவளுக்கு நாலாம் நாள். போனைக் கையில் எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருக்கிறேன். நாளைக்குக் கழுவுவாள்.