நண்டு வாயில் குடியிருந்தவை

எண்பதுகளின் தொடக்கம். புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. ஒரு மாதமாகப் பருப்பும் கத்திரிக்காயும் தின்று எனக்கு நாக்கே செத்துப்போயிருந்தது. அப்பா ஈப்போ மீன் பாசாரிலிருந்து ஐந்து நண்டு வாங்கி வந்திருந்தார். எல்லாம் உயிரோடு, கால்கட்டோடு. அம்மா அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் மத்தியானம் நண்டுக் குழம்பு சாப்பிட்டிருக்கலாம்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

அப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூட உதவியாளன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகனுக்கு வெள்ளைக் கோட்டு. தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்? பழுதான மைக்ராஸ்கோப் ஒன்றைச் சரிபார்க்க லகாட்டில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். சரியாகிவிட்டதா என்று சோதிக்க, ஒரு நண்டின் வாயோரத்து மயிரைக் கத்தரித்துக் கண்ணாடியில் வைத்தேன். சன்னல் வெளிச்சத்தில் பார்த்தால், மயிர் நெடுகக் குட்டிக் குட்டி உயிர்கள்! அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டு, தங்கள் வாயைச் சுற்றியிருந்த முடிகளைச் சுழற்றிக்கொண்டிருந்தன. அவற்றின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

"அம்மா, ஓடியாங்க! நண்டு வாயில என்னமோ குடியிருக்கு. அது சிந்துற மிச்சத்தத் தின்னு பொழைக்குது போல. ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாருங்க."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தாள். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"நண்டக் கொல்றது ஒரு பாவம். அத நம்பிக் குடியிருக்கிறதையும் சேத்துக் கொல்லணுமா? அதுவும் புரட்டாசி முடிஞ்ச கையோட?"

"இவ்வளவு நாளாத் தின்னுக்கிட்டுதானம்மா இருந்தோம்?"

"அப்பத் தெரியாது லா. இப்பத் தெரிஞ்சு போச்சே."

அப்பா மைக்ராஸ்கோப் பக்கம் திரும்பவே இல்லை. "நான் பாக்கல. பாக்காதவனுக்குப் பாவம் ஏது? எனக்கு வை."

அம்மா யோசித்துத் தீர்ப்புச் சொன்னாள்: பார்த்தவர்களுக்கு நண்டு கிடையாது.

மத்தியானம் என் தட்டில் ரசமும் அப்பளமும். அம்மாவும் பார்த்தவள்தானே, அவளுக்கும் ரசம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவளோ பெரிய கொடுக்காகப் பார்த்து எடுத்து, நறுக்கென்று கடித்தாள்.

"நீங்களும்தானே பாத்தீங்க!" எனக்கு வயிறு எரிந்தது.

"எங்கடா பாத்தேன்? எனக்கு ஒத்தக் கண்ண மட்டும் மூட வராது. ரெண்டும் சேந்து மூடிக்கிச்சு. நீ சொன்னத வச்சுத்தான் பேசினேன்."

அப்பா தலை நிமிராமல் ஓட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"ரசம் இன்னுங் கொஞ்சம் ஊத்தவா?" என்றாள் அம்மா.