மேற்கே பார்த்த ஜன்னல்

போடிக்கு ரயில் வந்த பிறகு ஊரில் வாடகை வீட்டுக்கு ஏகப்பட்ட கிராக்கி. ரயில்வே ஆட்களும் ஏலக்காய்க் கடைக் கணக்கர்களும் பெண்டாட்டி பிள்ளைகளோடு தெருத் தெருவாகக் கேட்டு அலைந்தார்கள். பஞ்சம்மாளுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. புருசன் கருத்தக்கண்ணன் காய்ச்சலில் போனபோது விட்டுச் சென்றது ஒரு மாட்டுக்கொட்டமும் அதை ஒட்டிய காலி மனையும்தான். இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு காப்பிக்கடைக்குப் பால் ஊற்றியே பிழைத்தாள். யார் வீட்டுச் சோற்றுக்கும் போய் நின்றதில்லை.

மனையில் கீழே இரண்டும் மேலே இரண்டுமாக நாலு வீடு கட்ட முனிசிபாலிட்டியில் பிளான் கொடுத்தாள். முன்பின் தெரியாத குடித்தனங்கள் வரும், சாக்கடை தாங்காது என்று தெருவே முணுமுணுத்தது. ஆனால் மனுவாகவே கொடுத்தவள் மேற்கு வீட்டு இருளம்மாள் ஒருத்திதான். மேல்வீட்டு ஜன்னலில் நின்றால் தன் கிணற்றடி தெரியும், அது பெண்கள் குளிக்கிற இடம் என்பது அவள் கட்சி. நடுவில் பெரிய வேப்பமரம் நிற்கிறது, ஒன்றும் தெரியாது என்று பஞ்சம்மாள் அடித்துச் சொல்லியிருந்தாள்.

முனிசிபாலிட்டி ஓவர்சியர் நேரில் பார்த்து எழுதுவதுதான் முடிவு. மாடு இரண்டும் கிழடாகிப் பால் வற்றிக்கொண்டு வந்தது; அவர் மறுத்துவிட்டால் மனையைக் கொழுந்தன் முத்துக்கருப்பனிடம் விற்றுவிட்டு, மார்க்கையன்கோட்டையில் அவன் வீட்டில் போய் ஒண்ட வேண்டும். அவளுக்காக ஒரு மூலையை ஒழித்து வைத்திருப்பதாக அவன் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தான்.

ஓவர்சியர் வைகுண்டராஜ் வந்த அன்று ஆனிக் காற்று புழுதியை வாரி இறைத்தது. பஞ்சம்மாளின் அண்ணன் தவசி, ஜன்னல் வரப்போகும் உயரத்துக்கு மூங்கில் சாரம் கட்டி, ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்து வைத்திருந்தான். ஓவர்சியர் ஏணியில் கால் வைக்கப்போனதும் இருளம்மாள் மறித்தாள்.

"ஆம்பளைக யாரும் ஏறக் கூடாது. இப்பவும் எம்மருமக அங்கனதான் நிக்கிறா."

அப்படியானால் நீங்களே ஏறிப் பாருங்கள் என்றார் அவர். தன் முழங்காலுக்கு அது ஆகாது என்றாள். பிறகு பஞ்சம்மாளை ஒரு பார்வை பார்த்தாள்.

"அவளே ஏறட்டும். கண்ணுல படுறதச் சொல்லட்டும்."

தெருவே பார்க்க ஒரு வெள்ளைச் சேலைக்காரி சாரத்தில் ஏறுவதா என்று தவசி தயங்கினான். அதற்குள் அவள் சேலையை வரிந்துகட்டி ஏறிவிட்டாள்.

எதிரே வேப்பமரம்தான், பச்சையாக அடைத்துக்கொண்டு நின்றது. நல்ல வேளை என்று நினைத்தாள். மரம்தான் தெரிகிறது என்று சொல்ல வாயெடுத்தபோது மலைக்காற்று இறங்கி மோதியது. சாரம் ஆடியது. மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். வேப்பமரக் கொப்பு ஒரு பக்கமாக ஒதுங்கியது. துவைகல் தெரிந்தது, வாளி தெரிந்தது, சேலையை மாரோடு ஏற்றிக் கட்டித் தலை துவட்டுகிற மருமகள் ஜக்கம்மாவும் தெரிந்தாள். அடுத்த நொடி கொப்பு மூடிக்கொண்டது.

பார்த்தது அவள் ஒருத்திதான்.

"என்னம்மா தெரியுது?" என்று கீழிருந்து கேட்டார் ஓவர்சியர்.

பஞ்சம்மாளுக்கு மார்க்கையன்கோட்டை மூலை கண்முன்னே வந்து நின்றது.

"ஏ பஞ்சு, சொல்லு" என்றான் தவசி.

"கொப்பு ஆடையில தெரியுதுய்யா. நல்லாவே தெரியுது."

அந்த ஜன்னலே வேண்டாம், அடைத்துவிடுகிறேன் என்றாள் அவளே. அந்த அறைக்கு வேறு ஜன்னல் இல்லை, காற்று வர வழியில்லாத அறைக்கு அனுமதி எழுத முடியாது என்று சொல்லி ஓவர்சியர் பிளானைச் சுருட்டினார். தவசி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

இருளம்மாள்தான் வாய் திறந்தாள்.

"ஏய்யா, அந்தச் சன்னலை ஆளு எட்டாத உசரத்துல வச்சா என்னவாம்? காத்துக்கு என்ன கண்ணா இருக்கு?"

ஓவர்சியர் மேலே ஒரு தரம், இருளம்மாளை ஒரு தரம் பார்த்தார். மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டார். அப்படி வைத்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றாள். அவர் பிளானை மறுபடி விரித்து, மேற்கு ஜன்னலைச் சிவப்புப் பென்சிலால் உத்தரத்துக்குக் கீழே ஏற்றிப் போட்டுக் கையெழுத்து வைத்தார்.

பஞ்சம்மாள் இறங்கும்போது காற்றில் ஏணி ஆடியது. தவசி எழுந்து வருவதற்குள் இருளம்மாள் ஏணியின் அடிக்கட்டையைக் காலால் மிதித்துப் பிடித்திருந்தாள்.

"பாத்து எறங்குடி. நீ விழுந்து வச்சா நாலு வீட்டு வாடகையும் நான்ல வசூலிக்கணும்."