கண்ணாடிச் சரிவும் ஒரு வாளிச் சாம்பலும்

ஜப்பானின் வடக்கே மலைச்சரிவில் இருக்கும் ஒத்தாரு ஊரில் மூச்சு வாங்காமல் யார் வீட்டுக்கும் போக முடியாது. அங்கே ஒரு செங்குத்தான தெருவின் உச்சியில் நவோவின் பொதுக்குளியல் கூடம் இருக்கிறது. அவள் கணவன் இசாமு அந்த வீட்டோடு மாப்பிள்ளை. பிறந்தது தெற்கே ககோஷிமாவில். அங்கே எரிமலைச் சாம்பல் கொட்டும், பனி கொட்டாது. சாம்பல் கூட்டி அலுத்துத்தான் வடக்கே ஓடி வந்ததாகச் சொல்லிக்கொள்வான். நவோவுக்காக வந்தான் என்பது ஊருக்கே தெரியும்.

புத்தாண்டின் இரண்டாம் நாள் காலை, வழக்கப்படி கூடத்தில் வருடத்தின் முதல் குளியல். நவோ ஏழு மாத வயிற்றோடு இருந்ததால் இந்த முறை விறகுக் கொதிகலன் அவன் பொறுப்பு. ஆள் வராமல் போனால், மாப்பிள்ளை கால் வைத்த நேரம் என்று ஊர் பேசும். சாகிற வரை பேசும்.

முதல் நாள் சாயங்காலம் தெருவில் பனி இறுகிக் கிடந்தது. மண்வெட்டியால் கொத்திப் பார்த்தான், இடுப்பு கெஞ்சியது. வெந்நீருக்கா இங்கே பஞ்சம்? வாளி வாளியாக ஊற்றினான். பனி கரைந்து ஓடியது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு உள்ளே போனான்.

காலையில் கூடம் திறந்தாயிற்று என்று காட்டும் துணித்திரையை வாசலில் மாட்டிவிட்டு ஓர் அடி வைத்தான். அவ்வளவுதான். அடுத்த அடி தெருவின் அடிவாரத்தில், மீன்கடை கிக்குயேயின் காலடியில்தான். சோப்பும் துண்டுமாக அங்கே ஒரு கூட்டமே நின்றிருந்தது.

"வாங்க மாப்ளே! எங்கள அழைக்க நேர்லயே வந்துட்டீங்களா?"

"பனியக் கரைக்க நேத்து வெந்நீர் ஊத்தினேன்க்கா..."

"கேட்டீங்களாடி? மனுஷங்க பத்தாதுன்னு தெருவையும் குளிப்பாட்டியிருக்காரு! அது ராத்திரில உறைஞ்சு கண்ணாடியாயிடும்னு பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

வழுக்கினால் தூவ வைத்திருக்கும் தெருமுனை மணல்பெட்டியும் காலி. "கொஞ்ச நேரம் பாப்போம். இல்லன்னா கீழ ஹோட்டல் குளியலுக்குப் போயிடுவோம்" என்றாள் கிக்குயே. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இசாமு நாலு காலில் ஏறினான். ஒரு முழம் ஏறினால் ஒன்றரை முழம் சறுக்கியது. கையால் பிடித்தாலும் முழங்காலால் அழுத்தினாலும் ஐஸ் பிடி கொடுக்கவில்லை. கூடத்து மதில் ஓரமாகத் தவழ்ந்தபோது ஓரிடத்தில் கால் நின்றது. அழுத்தினான்; அசையவில்லை. குனிந்து பார்த்தான். காலையில் கொதிகலனிலிருந்து அள்ளி உள்பக்கம் மதிலோரம் கொட்டியபோது வெளியே சிந்திய சாம்பல். அதன் பொடிக்கரி செருப்புக்கும் ஐஸுக்கும் நடுவே நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. எந்தச் சனியனுக்குப் பயந்து ஓடி வந்தானோ அதுவே காலைப் பிடித்து நிறுத்தியிருந்தது.

மதிலைத் தொற்றி மேலே போய் வாளி நிறைய அள்ளினான். கோழிக்குத் தீனி போடுவது போல முன்னால் வீசி, வீசின இடத்திலேயே கால் வைத்து இறங்கினான். அந்தச் சாம்பல் தடத்திலேயே கூட்டம் மேலே ஏறியது.

"மாப்ளே, உங்க ஊர் வாசன அடிக்குது!" என்றாள் கிக்குயே.

கூடம் நிரம்பியது. நவோ காலையில்தான் பளபளவென்று துடைத்திருந்த தரை முழுக்கக் கரிக்கால்கள். அவள் இடுப்பில் கைவைத்துத் தரையைப் பார்த்தாள். உள்ளே முதுகு தேய்த்துக்கொண்டு பாடும் சத்தத்தையும் கேட்டாள்.

"துடைச்சிடறேன்" என்றான் இசாமு அவசரமாக.

"தொடைங்க. ஆனா நாளைக்கும் அள்ளிப் போடுங்க." ஈரத்துணியை அவன் கையில் திணித்தாள். "இன்னொண்ணு... வாசப்பக்கம் வெந்நீரோட போனீங்க, கொன்னுடுவேன்."

சாயங்காலம் வரை துடைத்தான், விசில் அடித்துக்கொண்டே.