'ங்க' போடாத நாக்கு

எங்கள் ஊராட்சியில் நான் கிளார்க். தலைவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். ஆள் மாறுவார், மாலை மாறும், ஊர் அப்படியேதான் இருக்கும் என்று டீக்கடையில் அடித்துப் பேசுகிறவன். காலனித் தெருவிலிருந்து ஒரு பெண் தலைவராக வந்தபோதும் அதையேதான் சொன்னேன்.

ஆனால் எனக்கு வேறொரு சிக்கல். அவரிடம் எப்படிப் பேசுவது? பெரம்பலூர் ஆபீஸ்களில் எவரைக் கண்டாலும் 'வாங்க, சொல்லுங்க' என்று வழிகிற நாக்கு, காலனிக்காரர்கள் முன்னால் மட்டும் 'ங்க'வை முழுங்கிவிடும். பிறந்ததிலிருந்து வந்த பழக்கம், வெட்கங்கெட்ட பழக்கம். 'வா' என்றால் வேலை போகும். 'வாங்க' என்று சொல்லவோ வாய் வரவில்லை. அதனால் ஒரு தந்திரம் செய்தேன். "வந்தாச்சா?" "சாப்பாடு ஆச்சா?" "இங்க ஒரு கையெழுத்துப் போடணும்." ஆளே இல்லாமல் வாக்கியம் அமைப்பதில் பெரிய புலவனாகிவிட்டேன்.

பதினைந்து நாள் பொறுத்துப் பார்த்தார். ஒரு காலையில் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"சார், எனக்கு நீங்க 'ங்க' போட வேணாம். நான் எப்படியும் இந்த ஆபீசுக்கு வந்துதான் ஆகணும். எங்க தெரு ஆளுங்க அப்படியில்ல. நீங்க பேசுற பேச்சுக்குப் பயந்துக்கிட்டே மனு குடுக்க வர்றதில்ல. அவங்களுக்குப் போடுங்க, போதும்."

நேற்று வந்தவர் எனக்குப் பேசச் சொல்லித் தருவதா என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வீட்டில் சோறு இறங்கவில்லை. அந்தத் தெருவிலிருந்து என் மேசைக்கு ஒரு மனுகூட வந்ததில்லை. குறையே இல்லாத தெரு என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் ஆபீஸ் கேட்டுக்கு வெளியே அந்தத் தெருப் பெரியவர் ஒருவர் நின்றார். எங்கள் கொல்லைக்காட்டில் காலமெல்லாம் மக்காச்சோளம் ஒடித்தவர். ஐந்து வயதிலேயே நான் 'டா' போட்டுக் கூப்பிட்டவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாங்க, உள்ள வந்து உக்காருங்க" என்றேன்.

அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். யாரோ பெரிய மனிதர் வருவதாக நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்.

"உங்களத்தாங்க" என்றேன். வாய் ஒன்றும் வெந்துபோகவில்லை.

உள்ளே வந்தும் அவர் உட்காரவில்லை. "சாமி" என்று தொடங்கி, பாதிக் குரலில் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் கேட்டார். மனுவை நானே எழுதினேன். தலைவர் விடாமல் அலைந்து குழாயைக் கொண்டுவந்தார். பங்காளிகள் என்னை முறைத்தார்கள். அரியலூர் மச்சான் போனிலேயே கேலி பண்ணினான். போங்கடா என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் அதே பெரியவர் விறுவிறுவென்று உள்ளே வந்தார். யாரும் சொல்லாமலே பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூணு நாளா எங்க தெருவுக்குத் தண்ணி வரல. என்னா சார் பண்றீங்க இங்க?"

சாமி இல்லை, கும்பிடு இல்லை. சுத்தமான அதட்டல். என் சர்வீசில் இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை. உள்ளறையில் தலைவர் தலை நிமிரவில்லை, ஆனால் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது.

"இதோ, இப்பவே பாக்குறேங்க" என்று மோட்டார் ரூம் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.