கிரேன் மேலிருந்து பார்த்த வரப்பு

கடல் மேலே ரோட்டுப் பாலம் கட்டிய வருஷங்களில் நான் அங்கே சித்தாள். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். நடந்தே வேலைக்குப் போய்விடும் தூரத்தில்தான் எங்கள் ஊர்.

என் புருஷன் செத்த வருஷமே அவர் அண்ணன் எங்களுக்கு நடுவில் இருந்த வரப்பை உடைத்தார். எல்லைக்கல்லைப் பிடுங்கினார். என் புஞ்சையில் பாதியைத் தன்னோடு சேர்த்து உழுது, தள்ளிப் புது வரப்பு போட்டுக்கொண்டார். ஊரைக் கூட்டினேன். எங்கள் வழக்கத்தில் புருஷனின் அண்ணனை, மூத்தாரை, முகம் பார்த்துப் பேசக்கூடாது. வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன். அவரும் என்னிடம் பேசாமல் ஊராரிடம் சொன்னார்.

"பழைய வரப்பு எங்கன இருந்துச்சுன்னு அவளைக் காட்டச் சொல்லுங்க. அடுப்படி தாண்டிப் பாத்த கண்ணா அது?"

எல்லாரும் சிரித்தார்கள். காட்டப் போனேன். எல்லாம் உழுத மண். எனக்கே இடம் பிடிபடவில்லை. அந்தச் சிரிப்பை மடியில் முடிந்துகொண்டுதான் நான் கல் சுமந்தேன்.

கரையில் ஒரு கிரேன் நின்றது. நாலு பனையை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் அதன் உச்சி எட்டாது. அதை ஓட்டியவர் திருவாடானைப் பக்கம். காலையில் ஏறினால் பொழுதுசாயத்தான் இறங்குவார். அவருக்கு டீ, தூக்குவாளியில் கயிறு கட்டி மேலே போகும். மழை பெய்து வெறித்து வெயில் ஏறிய ஒரு நாள், நானே கொண்டுபோகிறேன் என்றேன்.

"விழுந்தா எனக்குத் தெரியாது" என்றார் மேஸ்திரி.

"விழுந்தா எனக்கும்தான் தெரியாது" என்று சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏறினேன். ஏணிக்கம்பி உள்ளங்கையைச் சுட்டது. பாதி ஏறியதும் காற்றில் மொத்த இரும்பும் ஆடியது. நிற்கவில்லை.

"வாங்கக்கா. கீழ பாக்காதீக, தலை சுத்தும்" என்றார் கிரேன்காரர்.

"கீழ பாக்கத்தாம்ப்பா வந்தேன்."

ஒரு பக்கம் பெண்கடல் அசையாமல் கிடந்தது. மறுபக்கம் ஆண்கடல் நுரை தள்ளியது. ரயில் பாலம் கருவாட்டு முள் மாதிரி தெரிந்தது. நான் ஊர்ப் பக்கம் திரும்பினேன். ஊருணி, மூத்தாரின் ஓட்டு வீடு, வாசலுக்கு எதிரே அவர் கம்பங்கொல்லை. பச்சைக்கு நடுவே வகிடு எடுத்தாற்போல ஒரு மஞ்சள் கோடு. தலைமுறையாக மிதிபட்டு இறுகிய பழைய வரப்பு. ஏர் ஓட்டியும் அந்த மண் இளகவில்லை, பயிர் தேறவில்லை. கோடு நேராகப் போய் ஒற்றைப் பனையடியில் முடிந்தது. டீ ஆறும்வரை பார்த்தேன்.

தாலுகா ஆபீஸ் ஜமாபந்தியில் மனுக் கொடுத்து சர்வேயரை வரவழைத்தேன். ஊரே கூடியது. பனையடியில் நின்று, "இங்கன தோண்டுங்க" என்றேன்.

"கல்லு இருந்தால்ல வரும்" என்றார் மூத்தார்.

கல் வரவில்லை. கரி வந்தது, ஓட்டாஞ்சில்லு வந்தது. எல்லைக்கல் நடும்போது அடியில் கரியும் சில்லும் போடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். பிடுங்கியவருக்கு அது மறந்துபோச்சு. சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்தார். இடம் அதேதான்.

புதுக்கல் ரோட்டோரம் மாட்டுவண்டியில் கிடந்தது. தூக்கப் போன ஆட்களை நிறுத்தினேன். அன்றைக்குத்தான் மூத்தார் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"நீங்களே சுமந்துட்டு வாங்க."

யாரும் சிரிக்கவில்லை. சுமந்து வந்தார்.

அவர் வாசலில் உட்கார்ந்தால் அந்தக் கல்தான் தெரியும். பொங்கலுக்குப் பொங்கல் அதற்கு நானே சுண்ணாம்பு அடித்தேன். அவருக்குக் கண் மங்கிய வருஷம் ரெண்டு பூச்சாக அடித்தேன்.